சகலனின் இரும்புத் தொப்பி

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் மலரில் பஸ்ரியனைப் பற்றி நான்கு பக்கம் வரவேண்டுமாம். இந்த வருஷம் அவன்தான் சங்கத் தலைவர். எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார்கள். "அருளப்பு அண்ணை, உங்களை விட்டால் அவரை ஆர் அறிவினம்? சகலன் எல்லோ?" என்று இளித்துக்கொண்டு கேட்டார்கள். என்னைப் பற்றி எழுத எவனாவது வருவானா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

படம் ஒன்றும் வேண்டுமாம். என்னிடம் அவனுடைய படம் இரண்டு இருக்கிறது. இரண்டும் கொழும்பு ஆஸ்பத்திரியில் எடுத்தவை. ஒன்றில் கதிரையில் உட்கார்ந்து இருக்கிறான். மற்றதில் நிற்கிறான். எதைக் கொடுப்பதென்று எழுதி முடித்த பிறகு யோசிக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் எரிச்சல். இன்று நேற்று வந்ததல்ல. தொண்ணூற்றாறில் எங்கள் பேசாலை வளவுக்குள் அவன் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது. எங்கள் மாமி அந்தோனியம்மாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் சிசிலியாவைக் கட்டியவன் நான். இளையவள் பெற்றிசியாவைக் கட்டியவன் அவன். ஒரே வளவில் இரண்டு சீதன வீடு, நடுவில் மாமியின் குசினி, பொதுவில் ஒரு கிணறு. நான் ஏழு வருஷம் அந்த வளவில் ஒற்றை மருமகனாக இருந்தவன். கொடுவா மீன் வந்தால் தலை என் சாப்பாட்டுக் கோப்பையில் விழும். அவன் வந்த மறுகிழமை தலை அவன் கோப்பைக்குப் போனது. "புது மாப்பிள்ளை எல்லோ, தம்பி" என்றார் மாமி. பன்னிரண்டு வருஷமாக அவன் இன்னமும் புது மாப்பிள்ளை.

பஸ்ரியன் விடத்தல்தீவில் பிறந்தவன். தொண்ணூறில் சண்டை தொடங்கியதும் இந்தியாவுக்குப் படகேறி, மண்டபம் முகாமில் இருந்து, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களோடு சேர்ந்து தொழில் பழகித் திரும்பி வந்தவன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதைக் காட்டித்தான் சிரிப்பான். கோயிலில் பாட்டுத் தொடங்கினால் குருவானவருக்கு முன்னே இவன் குரல் போகும், சுதியும் இராது, வெட்கமும் இராது. ஆனால் ஊருக்கே அவனைப் பிடிக்கும். கடைக்குப் போனால் கடைக்காரன் கதிரையை இழுத்துப் போடுவான். நாய் கூட அவனைக் கண்டால் எழும்பி வாலாட்டும். அப்படி ஒரு பிறவி.

ஒரே ஒரு இடத்தில்தான் நான் அவனை வென்றவன். அது கடலுக்கு அடியில்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று சொல்லிக் கடலைத் திறந்துவிட்டார்கள். சாஹுல் ஹமீட் முதலாளி காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய போட்டில் கடல் அட்டை பிடிக்கவும் சங்கு எடுக்கவும் போனோம். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம் இறங்குவோம். ஒரு பாகம் என்பது கையிரண்டையும் விரித்த நீளம். பஸ்ரியன் பத்துப் பாகத்துக்குக் கீழே போகமாட்டான், காது இடிக்குது என்பான். நான் பதினைந்துக்கும் போவேன். அவன் பையில் பாதி இருக்கும்போது என் பை வாய்வரை நிறைந்திருக்கும். முதலாளி என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! அருளப்பு, நீ மனிசன்தானா, சுறாவா?" என்று கேட்பார். பஸ்ரியன் அந்த நேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். அதைப் பார்க்கவே நான் இன்னும் ஒரு சிலிண்டருக்கு இறங்குவேன்.

ஆழத்தில் இருந்து மெல்ல மெல்லத்தான் மேலே வரவேண்டும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத பாடம். காற்று முடிந்தால் விறுவிறென்று மேலே வருவோம். வந்து அரை மணித்தியாலத்தில் தோள், முழங்கால், இடுப்பு எல்லாம் உளையும். அதற்கு எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்குவது. தண்ணீருக்குள் போனதும் உளைவும் நோவும் எடுத்தெறிந்ததுபோல நின்றுவிடும். "பாத்தியளே, கடல் தந்ததைக் கடலே எடுத்துப்போட்டுது" என்று சொல்லிச் சிரிப்போம். மடையர்கள்.

இரண்டாயிரத்து நான்கு மாசியில் பஸ்ரியனுக்கு இடப்பக்க இடுப்பில் நோ தங்கிவிட்டது. தண்ணீருக்குள் போனாலும் போகவில்லை. "அண்ணை, நான் இனி இறங்கேல்லை, கயிறு பிடிக்கிறன்" என்றான்.

"என்ன, பிள்ளைப்பெத்தவள் மாதிரி இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றேன் நான். போட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுடைய சிலிண்டர்களையும் நானே கட்டிக்கொண்டேன். அவன் பங்குக்கும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஏழு, எட்டு இறக்கம். எனக்கும் இடுப்பு உளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் கீழே போவதில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! எட்டு மாதம் அப்படி ஓடினேன். ஒன்பதாம் மாதம் பாயில் இருந்து எழும்ப முடியவில்லை.

மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் இரண்டாயிரத்து ஐந்து மாசியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் ஒரு முறை வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் வந்து இடுப்பு மூட்டுகளைத் திருத்திவிட்டுப் போவார். அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொன்னவர் இராசேஸ்வரி மிஸ் என்ற தாதி, திருகோணமலைக்காரி.

"நீங்கள் கெதியாய் மேல வந்ததால ரத்தத்துக்குள்ள காத்துக் குமிழி அடைச்சு, தொடை எலும்பின்ர தலைக்கு ரத்தம் போகேல்லை. ரத்தம் போகாட்டில் எலும்பு செத்துப்போகும்" என்றார் மிஸ். பிறகு பஸ்ரியனுடைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இவருக்கு மேல்பக்கம்தான் செத்திருக்கு, உள்ளுக்கு நல்ல எலும்பு இருக்கு. மூட்டை முழுக்க வெட்டி எடுக்கத் தேவையில்லை. செத்ததைச் சீவிப்போட்டு மேல ஒரு உலோகத் தொப்பி போடுவினம். அது பொருந்திச் சுழல ஒரு கிண்ணமும் வைப்பினம். முழங்காலிலயும் நிக்கலாம், காலை மடிச்சுச் சப்பாணி கட்டியும் இருக்கலாம்."

"எனக்கு, மிஸ்?" என்றேன்.

என் படத்தை அவர் தூக்கிப் பிடித்தார். டொக்டர் பார்த்தார். இரண்டு பேரும் ஏதோ ஆங்கிலத்தில் கதைத்தார்கள். பிறகு மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தொப்பி போடுறதுக்குத் தலை வேணும், அண்ணை. உங்கட தலை இடிஞ்சு விழுந்திட்டுது. நோ வந்த பிறகும் நிறைய நாள் இறங்கியிருக்கிறியள் போல."

எட்டு மாதம். அவனுடைய சிலிண்டர்கள். நான் என் படத்தை வாங்கி உறைக்குள் போட்டேன், பக்கத்தில் பஸ்ரியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு முழு மூட்டும் மாற்றவேண்டும், அதற்கு வேறு வரிசை, அந்த வரிசையில் எனக்கு முன்னால் நிறையப் பேர் என்று சொல்லி, ஊன்றி நடக்கக் கையில் ஒரு பொல்லைத் தந்து அனுப்பினார்கள்.

அடுத்த வருஷ மாசியில் அந்த டொக்டர் வந்து பஸ்ரியனுக்குத் தொப்பி போட்டார். துணைக்கு நின்றவன் நான். "பெற்றிசியாவுக்குச் சின்னப் பிள்ளையள். நீங்கள் சும்மாதானே இருக்கிறியள் தம்பி, போயிட்டு வாங்கோ" என்று மாமி அனுப்பிவிட்டார். சும்மாதானே என்ற சொல் எனக்கு இப்போதும் காதுக்குள் நிற்கிறது. முதல் நாள் அவனைக் கதிரையில் இருத்தினார்கள், இராசேஸ்வரி மிஸ் தன் கமராவில் படம் எடுத்தார். நாலாம் நாள் பிடி ஒன்றும் இல்லாமல் நின்றான், அதையும் எடுத்தார். மூன்றாம் மாதம் எங்கள் கோயிலில் நற்கருணை எடுக்கும்போது அவன் முழங்காலில் நின்றான். நான் வாங்குப் பலகையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க அவனுக்கு "இரும்புத் தொப்பி" என்று பேர் வந்தது. அதைக்கூட அவன் பட்டம்போலத்தான் சுமந்து திரிந்தான். திருநாளுக்குச் சுரூபத்தைச் சுமந்து செல்லும் கூட்டின் முன் தண்டை எட்டு வருஷமாகத் தூக்கியவன் நான். அந்த வருஷம் அந்த இடத்தில் தோள் கொடுத்தவன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இதெல்லாம் போகட்டும். என்னை உண்மையில் கொன்றது அந்தக் கடதாசி.

தொப்பி போட்டவர்கள் சோதனைச் சாவடிகளில் கஷ்டப்படுவார்கள் என்று இராசேஸ்வரி மிஸ் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுவித்து, டொக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வைத்துக் கொடுத்திருந்தார். அப்போது திரும்பவும் சண்டை மூண்டுவிட்டது. மன்னாரில் இருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெரிய சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பொதிகளோடு வெயிலில் வரிசையில் நின்று, உடம்பைத் தடவக் கொடுத்து, நடந்து போய் அந்தப் பக்கத்தில் வேறு பஸ் ஏறவேண்டும். ஆமிக்காரன் கையில் ஒரு கருவி வைத்திருப்பான், உலோகம் பட்டால் அது கீச்சென்று கத்தும். பஸ்ரியனின் இடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் போதும், ஊரைக் கூட்டும்.

முதல் முறை பயந்துபோனான். கடிதத்தைக் காட்டினான். ஆமிக்காரன் வாசித்தான், மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான், பிறகு நிழலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, "வாடிவென்ன" என்று அவனை இருக்கச் சொன்னான். அவ்வளவுதான். அடுத்த முறை பஸ்ஸால் இறங்கும்போதே கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே முன்னுக்குப் போனான். கதிரை வந்தது. அவன் அதில் கால்மேல் கால் போடாத குறையாக இருந்துகொண்டு, வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

நல்ல கால் உள்ளவனுக்குக் கதிரை. செத்த கால் உள்ளவன் நான் பொல்லை ஊன்றிக்கொண்டு வெயிலில். பொல்லு ஊன்றியவர்கள் அந்த வரிசையில் ஒவ்வொரு நாளும் பத்துப்பேர் இருப்பார்கள், அந்தக் காலத்தில் அது ஒரு அதிசயமே இல்லை. முத்திரை வைத்த கடதாசி இருக்கிறவன்தான் நோயாளி. நான் துணைக்குப் போன மூன்று பயணம், மூன்று முறை கதிரை. மூன்று முறையும் எனக்கு நெஞ்சு புகைந்தது.

போன வருஷம் மாசியில் ஒரு வருஷச் சோதனைக்குப் போகவேண்டியிருந்தது. அந்த டொக்டர் அன்று ஒரு நாள்தான் அங்கே இருப்பார். புறப்படும்போது பஸ்ரியன், "உங்கட எக்ஸ்ரே படத்தையும் எடுத்து வையுங்கோ அண்ணை" என்றான். எதற்கு, என் இடிந்த தலையையும் தன் தொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

மன்னார் பஸ் நிலையத்தில் அவன் பிளேன்ரீ வாங்கப் போனான். தன்னுடைய பைலை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். மேலேயே அந்தக் கடதாசி. நீல முத்திரை. நான் அதிகம் யோசிக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் இவனும் வெயிலில் நிற்கட்டும், ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் நினைத்தேன். மாதா சாட்சியாக அவ்வளவுதான். கடதாசியை இழுத்து என் படம் இருந்த உறைக்குள் செருகிவிட்டேன். அவன் இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரோடு வந்தான். எனக்குச் சீனி குறைவு என்று சொல்லி வாங்கியிருந்தான்.

சாவடியில் இறங்கினோம். பஸ்ரியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னுக்குப் போனான். அன்றைக்கு நின்றவர்கள் புது ஆட்கள். கருவி கத்தியது. அவன் சிரித்துக்கொண்டே பைலைத் திறந்தான். முதல் பக்கத்தைப் புரட்டினான், கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். நான் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஒப்பரேஷன், மாத்தையா, ஒப்பரேஷன்" என்று அவன் இடுப்பைத் தட்டிக் காட்டினான். சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். இடுப்பில் இருந்து தொடைவரை ஒரு சாண் நீளத் தழும்பு. ஆமிக்காரன் அதைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கினான். பிறந்த இடம், விடத்தல்தீவு. அப்போது விடத்தல்தீவு இயக்கத்தின் கையில் இருந்தது. அவன் உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டான், மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. முப்பத்தேழு வயதுத் தமிழன். விடத்தல்தீவு. உடம்பில் நீளத் தழும்பு, உள்ளே உலோகம். அந்த நாளில் இதற்கெல்லாம் ஒரே ஒரு கருத்துத்தான். இயக்கத்தில் இருந்து சண்டையில் காயப்பட்ட ஆள். அப்படிக் கூட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கதிரைக்குப் போட்டிபோட்டு நான் அவனுடைய உயிரை என் உறைக்குள் செருகி வைத்திருந்தேன்.

அவனை மறைப்புக்குக் கட்டியிருந்த படங்குக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு கிழவி, அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு ஜீப் வந்து படங்குக்குக் கிட்டப் பின்பக்கமாக நின்றது. கடதாசியை எடுத்துக் காட்டினால், உன்னிடம் ஏன் இருந்தது என்று கேட்பார்கள். காட்டாமல் விட்டால்? பெற்றிசியாவின் முகத்தில் எப்படி முழிப்பது? மாமிக்கு என்ன சொல்வது? இதையெல்லாம் யோசித்தேனா என்றுகூட இப்போது சரியாகத் தெரியவில்லை. "ஐயோ!" என்று கத்தியது மட்டும் தெரியும். பொல்லு விழுந்தது, அதை எடுக்காமல் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினேன். செத்த காலோடு ஓடியதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. ஆமிக்காரரின் இரண்டு துவக்கு என் பக்கம் திரும்பியது. நான் உறையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கடதாசி! கடதாசி இருக்கு!" என்று கத்தினேன்.

என்னையும் படங்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பஸ்ரியன் மேல்சட்டை இல்லாமல் கல்லுத் தரையில் முழங்காலில் நின்றான். முழங்காலில் நிற்கலாம் என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, நான் அவனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்தான்.

அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். "இது ஏன் உன்னட்ட இருந்தது எண்டு மாத்தையா கேக்கிறார்."

"மாறி வந்திட்டுது ஐயா, தெரியாமல்."

"தெரியாமல் உன்ர உறைக்குள்ள எப்பிடி வரும்? மறைச்சு வைச்சனி. ரெண்டு பேரும் ஒரு கூட்டோ?"

"இல்லை ஐயா!"

"அப்ப ஏன் எடுத்தனி?"

பஸ்ரியன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலர்ந்த முகம் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தது. என்ன பொய் சொன்னாலும் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம்போல இருந்தது. ஆனால் அவனும் சேர்ந்து சாகவேண்டி வருமே.

"எரிச்சல், ஐயா" என்றேன். "அவனுக்குக் கதிரை போடுறியள். எனக்கு ஒருநாளும் போடேல்லை. அவனுக்குக் கால் சரிவந்திட்டுது, எனக்கு வரேல்லை. ஒருநாள் எண்டாலும் வெயிலில நிக்கட்டும் எண்டு நான்தான் எடுத்தனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அடிக்கிறதெண்டால் எனக்கு அடியுங்கோ."

பொலிஸ்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார், நடுவில் "இரிசியாவ" என்ற சொல் எனக்கு விளங்கியது. அதுதான் அவர்களுடைய பொறாமை. அதிகாரி என்னையும் பஸ்ரியனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் உனக்கு என்ன முறை எண்டு கேக்கிறார்."

"என்ர மனுசியின்ர தங்கச்சி புருஷன்."

அதைக் கேட்டதும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் வீட்டில் ஒரு சகலன் இருக்கிறானாக்கும். இப்படி ஒரு வெட்கக்கேடான காரணத்தை யாரும் சோடித்துச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தாரோ தெரியாது, கடிதத்தில் இருந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னார். இராசேஸ்வரி மிஸ் அந்தப் பக்கத்தில் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் எங்களை விட்டுவிட்டார்கள்.

எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை ஒரு பாலை மரத்தடியில் இருந்தோம். பஸ்ரியன் சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினான், கழற்றினான், திரும்பப் பூட்டினான். முழங்காலில் கல்லுக் குத்திய இரத்தம் காற்சட்டையில் பிடித்திருந்தது. ஒரு அடி அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை. எழும்பிப் போய் வரிசை நின்ற இடத்தில் விழுந்து கிடந்த என் பொல்லை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். கையில் தரவில்லை, போட்டான்.

பஸ் ஏறி நெடுநேரம் போன பிறகுதான் வாய் திறந்தான்.

"அண்ணை, நான் அந்தக் கதிரையில இருந்து உங்களைப் பாத்துத் தலை ஆட்டினது வேணுமெண்டுதான்."

நான் பொல்லை எடுத்து மடியில் வைத்தேன்.

"முதலாளி உங்கட பையைத் தூக்கிப் பாத்து சுறா எண்டு சொல்லேக்க, எனக்குக் கடலுக்க விழுந்து செத்திடலாம்போல இருக்கும். பதினைஞ்சு பாகம் நான் போகேல்லை, போக ஏலாது. நோ எண்டு நான் மேல நிண்டது புத்தியால இல்லை. உங்களோட ஓடிக் களைச்சுப்போனன். அதுதான் காரணம்." கொஞ்சம் நிறுத்தினான். "நோ வந்த பிறகும் நீங்கள் என்ர சிலிண்டரையும் கட்டிக்கொண்டு இறங்கேக்க, நிப்பாட்டுங்கோ எண்டு சொல்ல வாயில வந்தது. சொல்லேல்லை. இறங்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவனும் அப்படியா! பதினொரு வருஷம் ஒரே வளவில், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, இரண்டு பேரும் புகைந்துகொண்டு இருந்திருக்கிறோம். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தேன்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒருவரைத்தான் பார்க்க நேரம் இருக்கு என்றார் இராசேஸ்வரி மிஸ். பஸ்ரியன் தன் பைலை நீட்டவில்லை. என் கையில் இருந்த உறையைப் பறித்து மிஸ்ஸிடம் கொடுத்தான். "எனக்கு நல்லாய்த்தான் இருக்கு மிஸ். இவரைப் பாருங்கோ. போன முறையே இவருக்காக உங்களிட்டக் கேட்டனான் எல்லோ?" அதற்காகத்தான் என் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். நான் காலையில் நினைத்தது வேறு.

டொக்டர் என் இடுப்பை மடக்கிப் பார்த்தார். தொப்பி சரிவராது, முழு மூட்டுத்தான், அடுத்த முறை வரும்போது தானே செய்கிறேன் என்று தன் கையாலேயே என் பேரை எழுதினார். அதையும் நான் சந்தோஷமாக வாங்கவில்லை. இந்த மனம் இவனுக்கு ஏன் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லாமல் போனது என்று அதற்கும் ஒரு எரிச்சல். என்னைத் திருத்த முடியாது.

திரும்பி வரும்போது சாவடியில் அதே பொலிஸ்காரர் நின்றார். எங்களைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. கடிதத்தை வாங்கிப் பார்க்கவும் இல்லை. உள்ளே போய்க் கதிரையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் போட்டார். "இரிசியா ஐயா, நீங்கள் இருங்கோ!"

நான் இருந்தேன். ஒரு வருஷமாக ஆசைப்பட்ட கதிரை, நிழல், எல்லாம் கிடைத்தது. என் பொல்லு மடியில். பஸ்ரியன் வெயிலில் வரிசையில் நின்றான். இரண்டு காலும் ஒரே அளவாக நிலத்தில் ஊன்றி, ஒரு பக்கம் சாயாமல், ஒன்றையும் பிடிக்காமல், அரை மணித்தியாலம் நின்றான். அவ்வளவு நேரமும் நான் கதிரையில் இருந்து அவனுடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் அவனுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்போல இருந்தது. எழும்ப முடியவில்லை.

இந்த வருஷம் மாசி வந்துபோய்விட்டது. சண்டை பெருத்துவிட்டதால் அந்த டொக்டர் நாட்டுக்கு வரவில்லை. என் பேர் இன்னும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பஸ்ரியன் மாதத்துக்கு ஒரு தரம் இராசேஸ்வரி மிஸ்ஸுக்குப் போன் அடித்துக் கேட்டுச் சொல்கிறான். கொடுவா மீன் தலை இன்னும் அவன் கோப்பைக்குத்தான் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அவன் அதை எடுத்து என் கோப்பையில் போட்டான். நான் தின்றேன்.

மலர்க்குழுவினருக்கு: நான்கு பக்கம் கேட்டீர்கள், கூடிவிட்டது, வெட்டவேண்டாம். நான் கடதாசியை எடுத்த பகுதியை வெட்டவே வேண்டாம். படம் ஒன்று இதோடு இருக்கிறது. கதிரையில் இருக்கிற படத்தைக் கிழித்துவிட்டேன். நிற்கிற படத்தைப் போடுங்கள், கால் இரண்டும் தெரியும்படி.